லொறி எஞ்சின் பிளொக்கில் எந்த ஓட்டை எதற்கு: பிளக், போர்ட் (வாய்) அடையாளம் காணும் முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடும் கன்டர், எல்ஃப், டாட்டா லொறிகளுக்கு எஞ்சின் மாற்றும் வேலை வருடம் முழுக்க இருக்கிறது. வருவது பெரும்பாலும் ரீகண்டிஷன் எஞ்சின். வந்து இறங்கும்போது ஒயில் சுவிட்ச் கழன்றிருக்கும், ஹோஸ்கள் பாதியில் வெட்டப்பட்டிருக்கும், நாலைந்து ஓட்டைகளில் துணி திணித்திருக்கும். பழைய எஞ்சினில் குழாய் பூட்டியிருந்த இடத்தில் புதியதில் ஓட்டையை அடைக்கும் பிளக் இருக்கும். பிளக் இருந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது.

வேலை பழகும் பொடியன்கள் நின்று விழிப்பது இந்த இடத்தில்தான். பிஸ்டன், பெயரிங் வேலையைச் சுத்தமாகச் செய்பவர்கள்கூட ஒரு சின்ன ஓட்டையைத் தவறாக அடைத்து எஞ்சினைக் கெடுத்திருக்கிறார்கள். கீழே உள்ள வரிசை முக்கியம். முதலில் இடம், பிறகு மூடியின் உருவம், பிறகு உள்ளே என்ன இருக்கிறது, கடைசியில்தான் ஸ்பேனர். இந்த வரிசையை மாற்றினால் தவறான ஓட்டையில் கை வைப்பீர்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல டோர்ச் ஒன்று, சின்னக் கைக்கண்ணாடி ஒன்று. கம்பிப் பிரஷ், மண்ணெண்ணெய், பழந்துணி. வேர்னியர், மரை அளக்கும் திரட் கேஜ். பிளாஸ்டிக் உறை போட்ட மின்வயர் ஒரு முழம். வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நாலு பெயின்ட் பேனா. சின்னப் பொலித்தீன் பைகள் இருபது முப்பது. ஒரு பெரிய தாள்.

இரும்புக் கம்பிக்குப் பதிலாக உறை போட்ட வயரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒயில் வழிக்குள் இரும்புக் கம்பியை விட்டால் அது பெயரிங் முகத்தில் கீறும், அல்லது முனை முறிந்து உள்ளேயே தங்கும். வயர் வளைந்து போகும், கீறாது.

எஞ்சின் இலக்கத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிளொக்கின் பக்கத்தில் மட்டமாகச் சீவிய ஒரு சிறு மேடையில் அடித்திருக்கும். "கன்டர் எஞ்சின்" என்று கேட்டுச் சாமான் வாங்கப் போனால் 4டி31, 4டி33 என்று எதையும் தருவார்கள். கோர் பிளக் (தண்ணீர் அறையின் வாயை அடைக்கும் தகர மூடி) வாங்கினாலும் கேஸ்கட் வாங்கினாலும் இலக்கத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

2. கழுவமுன் அடையுங்கள்

எல்லோரும் முதலில் எஞ்சினைக் கழுவத்தான் ஓடுகிறார்கள். திறந்த ஓட்டைகளோடு பிரஷர் தண்ணீர் அடித்தால் மண்ணும் கிரீஸும் நேரே ஒயில் கேலரிக்குள், அதாவது பிளொக்குக்குள் ஒயில் ஓடும் வழிக்குள், போய் உட்காரும். எஞ்சின் இயங்கிய முதல் நிமிடத்தில் அது பெயரிங்குக்குப் போய்விடும்.

ஆகவே திறந்திருக்கும் ஒவ்வொன்றையும் முதலில் ரப்பர் மூடியாலோ சுத்தமான துணியாலோ அடையுங்கள். துணியின் வால் வெளியே நீளமாகத் தொங்க வேண்டும். முழுத் துணியையும் உள்ளே திணித்தால் பிறகு மறந்துபோகும். கழுவமுன் நாலு பக்கமும் தொலைபேசியில் படம் எடுங்கள். ஒயில் கசிந்த தடம், துரு வழிந்த தடம் எல்லாம் சாட்சி. கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும்.

லொறியிலேயே இருக்கும் எஞ்சின் என்றால் நன்றாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும். சூட்டில் தண்ணீர்ப் பிளக்கைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

3. முன், பின், இடம், வலம்

ஃபேன், டைமிங் கியர் இருக்கும் பக்கம் முன். ஃபிளைவீல் இருக்கும் பக்கம் பின். எஞ்சின் தரையில் கிடந்தாலும், ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கினாலும் இது மாறாது.

இடம் வலம் என்பது ஃபிளைவீல் பக்கம் நின்று முன்னோக்கிப் பார்க்கும்போது உங்கள் இடம், வலம். ரேடியேற்றர் பக்கம் நின்று பார்த்தால் எல்லாம் மாறிப்போகும். தொலைபேசியில் ஒருவரிடம் "இடப் பக்கம் நடுவில ஒரு பிளக்" என்று கேட்டு, அவர் மற்றப் பக்கத்தைச் சொல்லி, அதைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளொக்கிலேயே பெயின்ட் பேனாவால் "மு", "பி", "இ", "வ" என்று எழுதிவிடுங்கள்.

பிறகு தாளில் நாலு பெட்டி வரையுங்கள். முன், பின், இடம், வலம். கண்ணில் படும் ஒவ்வொரு மூடிக்கும் ஓட்டைக்கும் ஒரு வட்டம் போட்டு இலக்கம் இடுங்கள். எதற்கு என்று இப்போது எழுத வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். மேல் முகம், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றியிருந்தால்தான் தெரியும். அதற்கு வேறு தாள்.

4. பிளொக்கை மூன்று பட்டியாகப் பிரியுங்கள்

இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

மேல் பட்டி, அதாவது ஹெட் உட்காரும் இடத்திலிருந்து சிலிண்டர்களின் நீளம் வரை, தண்ணீர்ப் பகுதி. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதால் அந்த உயரத்தில் வெளிச்சுவரில் இருக்கும் பெரிய வட்ட மூடிகள் பெரும்பாலும் தண்ணீருக்கானவை.

நடுப் பட்டி ஒயில் அழுத்தப் பகுதி. கிராங்குக்கும் கேம்ஷாஃப்டுக்கும் ஒயில் போக வேண்டும். ஆகவே பிளொக்கின் நீளத்துக்கு ஒரு நேரான துளை போட்டிருப்பார்கள். அதுதான் மெயின் ஒயில் கேலரி. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பிளொக் சுவர் நீளவாக்கில் சற்றுப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் வரிசையாக இருக்கும் மரைப் பிளக்குகள், ஒயில் சுவிட்ச், ஒயில் ஃபில்டர் பூட்டும் முகம் எல்லாம் அதோடு சேர்ந்தவை. புடைப்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும்.

கீழ்ப் பட்டி கிராங்க் அறை. இங்கே ஒயில் இருக்கிறது, அழுத்தம் இல்லை. டிப்ஸ்டிக் குழாய், கிராங்க் அறைக் காற்று வெளியேறும் பிரீதர், டர்போவிலிருந்தும் வெக்கூம் பம்பிலிருந்தும் திரும்பி வரும் ஒயில் விழும் வாய், டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் மெக்கானிக்கல் பம்ப் இருந்த இடத்தை மூடிய தட்டு எல்லாம் இந்தப் பகுதியில் வரும்.

மேல் பட்டியிலும் ஓர் ஒயில் ஓட்டை இருக்கலாம். ஹெட்டுக்கு ஒயில் ஏறும் வழியின் பக்கத் துளை அங்கே வந்து முடிவதுண்டு. தண்ணீர் அறை கீழிறங்கி நடுப் பட்டிவரை வருவதும் உண்டு. பட்டியை வைத்து ஊகியுங்கள், அடுத்த இரண்டு படிகளால் உறுதி செய்யுங்கள்.

5. மூடியின் உருவத்தைப் படியுங்கள்

கிண்ணம்போல உட்குழிந்த தகர மூடி கோர் பிளக். பிளொக்கை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் அறைக்காக மணல் கருவைத் தாங்கிப் பிடிக்கவும், வார்த்த பிறகு அந்த மணலை வெளியே எடுக்கவும் விட்ட வாய்களை அடைப்பது இது. குளிர்நாட்டார் இதை ஃப்ரீஸ் பிளக் என்பார்கள். நமக்கு உறைபனி இல்லை, ஆகவே இது தேவையில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. இது போனால் தண்ணீர் முழுக்கப் போகும்.

வெளிப்பக்கம் சற்றுக் குவிந்த தட்டை வட்டம் வெல்ச் பிளக். வேலை ஒன்றுதான், பூட்டும் முறை வேறு.

ஆறு மூலைக் குழியோ சதுரக் குழியோ உள்ள, முகத்தோடு மட்டமாக உள்ளே போன மரைப் பிளக் பெரும்பாலும் ஒயில் கேலரியுடையது. பிளொக்கில் குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டு ஒயில் வழி உண்டாக்குவதால், ட்ரில் நுழைந்த ஒவ்வொரு வாயையும் அடைத்தாக வேண்டும். சில எஞ்சின்களில் மரைப் பிளக்குக்குப் பதிலாக உருண்டை இரும்புக் குண்டு அடித்து இறுக்கியிருக்கும். அதைத் தேவையில்லாமல் தோண்டாதீர்கள்.

பித்தளைக் குழாய்போலச் சின்ன வாயும் திருகும் உள்ளது பிளொக் தண்ணீர் வடிகட்டும் டெப். தண்ணீர் அறையின் அடிப்பக்கத்தில் இருக்கும். ரேடியேற்றரைத் திறந்தால் பிளொக்கில் இருக்கும் தண்ணீர் முழுதும் இறங்காது, இதையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வராவிட்டால் பிளொக் காலி என்று அர்த்தம் இல்லை. சேறு அடைத்திருக்கிறது. வயரால் குத்துங்கள், பழுப்புத் தண்ணீர் வரும்.

ஒயில் அழுத்த சுவிட்சும் தண்ணீர்ச் சூட்டு சென்சாரும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கழன்றதைக் கையில் எடுத்து முனையைப் பாருங்கள். மரையின் முடிவில் ஊசித்துளை இருந்தால் அது அழுத்த சுவிட்ச். துளையே இல்லாமல் மூடிய பித்தளை மூக்கு நீண்டிருந்தால் அது சூட்டு சென்சார். துளை வழியாகத்தான் ஒயில் உள்ளே போய் தகட்டைத் தள்ளும், மூக்கு தண்ணீரில் நனைந்துதான் சூட்டை அறியும்.

6. உள்ளே பாருங்கள்: வார்ப்பா, துளையா

மூடி இல்லாத ஓட்டை என்றால் டோர்ச்சைப் பிடித்து உள்ளே பாருங்கள். தண்ணீர் அறை வார்ப்பில் உண்டானது. சுவர் சொரசொரப்பாக, துருநிறமாக, அகன்று இருக்கும், சிலிண்டரின் வளைவான முதுகு தெரியும். ஒயில் வழி ட்ரில்லால் போட்டது. நேராக, வட்டமாக, வழவழப்பாக, கறுத்து இருக்கும்.

விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். துருப்பொடி ஒட்டினால் தண்ணீர், கறுப்பு வழுவழுப்பு ஒட்டினால் ஒயில். இரண்டும் சேர்ந்து பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அந்த எஞ்சினில் வேறு கோளாறு இருக்கிறது. அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

பிளொக் முழுதாகப் பிரித்திருந்தால் இன்னும் உறுதியான வழி உண்டு. கேலரியின் முன் பிளக்கையும் பின் பிளக்கையும் கழற்றி, ஒரு பக்கம் டோர்ச்சை வைத்து மறுபக்கம் கண்ணை வையுங்கள். ஒரு நீளக் குழல் தெரியும், அதன் ஓரமாக ஒவ்வொரு மெயின் பெயரிங்குக்கும் இறங்கும் துளைகள் இருண்ட புள்ளிகளாக அடுத்தடுத்து இருக்கும். பழகுபவர்களை நான் ஒரு முறையாவது இப்படிப் பார்க்க வைப்பேன். அதைப் பார்த்தவர் பிறகு கேலரியையும் தண்ணீர் அறையையும் குழப்ப மாட்டார்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒயில் கேனால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அது எங்கே வெளியே வருகிறது என்று பாருங்கள். பெயரிங் இருக்கையில் வந்தால் அழுத்த வழி. நேரே அடியில் ஒயில் தேங்கும் சம்ப் பக்கம் கொட்டினால் திரும்பும் வழி. பக்கத்துக் கோர் பிளக் வாயில் வந்தால் தண்ணீர் அறை. காற்று அடித்துப் பார்ப்பவர்கள் குறைந்த அழுத்தத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தெரிந்ததை உடனே நிறத்தால் குறியுங்கள். நீலம் தண்ணீர், சிவப்பு அழுத்த ஒயில், மஞ்சள் திரும்பும் ஒயில். தெரியாததை வெள்ளையிலேயே விடுங்கள். ஊகத்தில் நிறம் போட வேண்டாம்.

7. பிளக்போல இருக்கும், ஆனால் பிளக் இல்லை

பெரிய ஆறுமூலைத் தலையோடு, செப்பு வாஷரோடு, ஒயில் ஃபில்டர் பக்கத்திலோ கேலரி ஓரத்திலோ இருப்பதைப் பார்த்தால் கவனம். அது ஒயில் அழுத்த ரிலீஃப் வால்வின் மூடியாக இருக்கலாம். உள்ளே ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருக்கும். சடாரென்று கழற்றினால் ஸ்பிரிங் பாயும், பிளஞ்சர் மணலில் விழும். திருப்பிப் போடும்போது வாஷரைக் கூட்டியோ குறைத்தோ போட்டால் ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறி ஒயில் அழுத்தமும் மாறிப்போகும். எத்தனை வாஷர் இருந்தது என்று எழுதாமல் இதைத் தொடவே கூடாது.

பிளொக்கின் அடியில், சிலிண்டருக்கு நேர் கீழே இருக்கும் துளையுள்ள போல்டுகள் பிஸ்டனுக்கு ஒயில் பீய்ச்சும் ஜெட்டைப் பிடித்திருப்பவை. சிலவற்றுக்குள் சின்ன வால்வு இருக்கும். சாதாரண போல்டை அங்கே போட்டால் அந்தப் பிஸ்டனுக்கு ஒயில் போகாது.

குழாய்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. டர்போ ஆகட்டும், ஓல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வெக்கூம் பம்ப் ஆகட்டும், மெல்லிய குழாய் அழுத்தத்தோடு ஒயில் கொண்டுபோவது, தடித்த ஹோஸ் ஒயிலைத் திருப்பி விடுவது. திரும்பும் ஒயில் தன் பாரத்தால் விழுகிறது. ஆகவே தடித்ததாக, எங்கும் மேலேறாமல், கீழ்நோக்கியே போக வேண்டும். கிடைத்த சின்ன வாயில் தடித்த ஹோஸை நிப்பிள் போட்டு ஒடுக்கிப் பூட்டினால் ஒயில் வடியாது. டர்போ சீல் வழியாகப் புகையாக வெளியே வரும், டர்போ போய்விட்டது என்று புதிதாக வாங்குவார்கள்.

வரிசை டீசல் பம்புக்குப் பிளொக்கிலிருந்து ஒயில் கொடுக்கும் குழாய் உண்டு. உருண்டை வீ.ஈ. பம்ப் டீசலாலேயே தன்னை நனைத்துக்கொள்ளும், அதற்கு அந்தக் குழாய் வேண்டாம். அதேபோல் ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் வாய்கள் நம் ஊரில் யாருக்கும் தேவைப்படாது. ஒரே வார்ப்பை ஹீட்டர் உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும், டர்போ உள்ளதற்கும் இல்லாததற்கும் கம்பெனிகள் பாவிக்கின்றன. ஆகவே வேலையில்லாத வாய்கள் மிஞ்சுவது இயல்பு. அவற்றை முறையான பிளக்கால் அடையுங்கள். ஹோஸை மடக்கிக் கம்பி கட்டிவிடுவது ஒரு போகத்துக்கும் தாங்காது.

8. ஒருபோதும் அடைக்கக் கூடாதவை

தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பம்ப் சீல் போனால் தண்ணீர் அதன் வழியாக வந்து உங்களுக்குச் சொல்லும். ஒழுகுகிறது என்று அதில் எம்சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பெயரிங்குக்குள் போகும்.

ஈர லைனர் (தண்ணீர் நேரே தொடும் தனிச் சிலிண்டர் குழல்) உள்ள சில எஞ்சின்களில், பிளொக்கின் பக்கத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக ஊசித்துளை இருக்கும். அது லைனரின் இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே வருகிறது. அதில் தண்ணீர் கசிந்தால் மேல் வளையம் போய்விட்டது என்று பொருள். அதை அடைத்தால் அடுத்து தண்ணீர் சம்புக்குத்தான் போகும்.

பிரீதரை அடைத்தால் கிராங்க் அறையில் காற்று அழுத்தம் ஏறி, எல்லா சீலும் ஒயில் கக்கும். ஃபிளைவீலை மூடும் பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் வடிகால் துளையும் அப்படித்தான். பள்ளத்து வீதியால் ஓடும் வண்டிகளில் அது சேற்றால் அடைபட்டிருக்கும், குத்தி விடுங்கள்.

9. ஹெட் உட்காரும் முகம்

ஹெட் கேஸ்கட்டைப் பிளொக்கின் மேல் வைத்தால் வரைபடம் கிடைத்த மாதிரி. ஒழுங்கில்லாத வடிவில் பல ஓட்டைகள் தண்ணீர். சுற்றி ரப்பரோ உலோக வளையமோ வைத்த ஒற்றைச் சிறு ஓட்டை ஹெட்டுக்கு ஏறும் ஒயில். பெரிய நீள் ஓட்டைகள் வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ரொட் போவதற்கும் ஒயில் இறங்குவதற்கும்.

பிளொக்கில் பெரிதாக இருக்கும் தண்ணீர் ஓட்டை கேஸ்கட்டில் சின்னதாக இருந்தால் அது பிழை இல்லை. எல்லாச் சிலிண்டருக்கும் தண்ணீர் சமமாகப் போக வேண்டுமென்று வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். "தண்ணி நல்லாப் போகட்டும்" என்று கத்தரியால் பெரிதாக்கியவர்களின் எஞ்சின் பின் சிலிண்டரில் சூடேறியது.

ஹெட் போல்ட் ஓட்டைகளுக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் காற்றால் ஊதி எடுங்கள். அடியில் மூடிய ஓட்டையில் திரவத்தோடு போல்டை இறுக்கினால் திரவம் போக வழியில்லாமல் வார்ப்பு வெடிக்கும்.

10. மரை அளவு: இரண்டு சுற்றுப் போனால் சரி என்று நினைக்காதீர்கள்

ஜப்பான் எஞ்சின்களில் ஒயில் சுவிட்சும் கேலரிப் பிளக்கும் பெரும்பாலும் பி.டி. என்னும் குழாய் மரை. அமெரிக்க வழி வந்த கமின்ஸ் எஞ்சின்களில் பல இடத்தில் என்.பி.டி. மரை. இரண்டும் நுனி சிறுத்த மரை. 1/8 அளவில் பி.டி.க்கு ஓர் அங்குலத்தில் 28 மரை, விட்டம் 9.7 மில்லிமீற்றர். என்.பி.டி.க்கு 27 மரை, விட்டம் ஏறக்குறைய 10.3. போதாததற்கு 10 மில்லிமீற்றர் நேர் மரையும் அதே பருமனில் இருக்கிறது.

மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்றுப் போகும். பிறகு இறுகும். இறுகியது என்று பலம் கொடுத்தால் பிளொக்கின் மரை போகும், அல்லது சுற்றியுள்ள வார்ப்பு கீறும். பிளக் பத்து ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் பிளொக் அப்படி இல்லை. திரட் கேஜை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது அந்த அளவு இல்லை.

11. ஒயில் கேலரிப் பிளக்

கழற்றமுன் குழியில் இருக்கும் அழுக்கை ஊசியால் தோண்டி எடுங்கள். அலன் கீ பாதி ஆழம்தான் போனால் குழி வழுக்கிப்போகும். இறுகிப் போயிருந்தால் பிளக்கைச் சுற்றியுள்ள வார்ப்பைச் சூடாக்கி, பிளக்கின் நடுவில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பிறகு திருப்புங்கள். பிரித்த பிளொக்கில் மட்டும்தான் சூடாக்கலாம். ஒயிலும் டீசலும் இருக்கும் எஞ்சினில் நெருப்புக் கூடாது.

திரும்பப் பூட்டும்போது வெள்ளை டேப் சுற்றாதீர்கள். டேப்பின் நார் பிய்ந்து கேலரிக்குள் போனால் பிஸ்டன் ஜெட்டின் வாயிலோ டர்போவின் ஒயில் வழியிலோ போய் அடைக்கும். ஒற்றை வயர் சுவிட்சுக்கு டேப் சுற்றினால் எர்த் கிடைக்காமல் லைட்டும் வேலை செய்யாமல் போகலாம். மரைக்கென்று விற்கும் திரவ சீலன்டை முதல் மரையை விட்டுவிட்டு மெல்லியதாகப் பூசுங்கள். கையால் போகும்வரை போகட்டும், அதன்பின் கீயால் ஒன்றரை, இரண்டு சுற்றுப் போதும். குழாய் செருகிப் பலம் கொடுக்க வேண்டாம்.

இப்போது என் கையால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மாரிப்போக அறுவடை நேரம், படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றும் கன்டர் ஒன்று. பிளொக்கை முழுதாகப் பிரித்து, கேலரிப் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, எல்லாம் பூட்டி முடித்தோம். ஸ்டார்ட் ஆனது. வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஆனால் எஞ்சின் சூடேறியதும் மெது ஓட்டத்தில் ஒயில் லைட் மினுங்கத் தொடங்கியது. "அண்ணன், லைட் அணையுதில்லகா" என்று ட்ரைவர் தம்பி வந்து நின்றார்.

சுவிட்சை மாற்றினோம். ஒயில் பம்பைக் கழற்றிப் பார்த்தோம். பெயரிங் இடைவெளியை மறுபடியும் அளந்தோம். இரண்டு நாள். வெளியே வெயிலில் நெல் மூட்டைகள் காத்துக்கிடந்தன. கடைசியில் டைமிங் கவரைக் கழற்றி ஸ்டார்ட்டரால் சுற்றியபோது கேலரியின் முன்வாயிலிருந்து ஒயில் கயிறுபோல வந்தது. அந்த முன் பிளக்கை நான் டைமிங் பக்கப் போல்டுகளோடு ஒரே தட்டில் வைத்திருந்தேன். பூட்டாமலே கவரை மூடிவிட்டேன். கவருக்குள் கொட்டும் ஒயில் நேரே சம்புக்கு இறங்கிவிடும், வெளியே ஒரு சொட்டும் வராது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு பை, பையில் தாளில் இருக்கும் அதே இலக்கம். டைமிங் கவரை மூடமுன்னும் ஃபிளைவீல் ஹவுசிங்கை ஏற்றமுன்னும் பைகளை இன்னொருவர் எண்ண வேண்டும். பூட்டியவரே எண்ணக் கூடாது.

பின்பக்கமும் இதே கதைதான். கேம்ஷாஃப்டின் பின்வாயை மூடும் கிண்ணப் பிளக் ஃபிளைவீலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அது கசிந்தால் ஒயில் பெல் ஹவுசிங்கின் அடியால் வரும், எல்லோரும் கிராங்கின் பின் சீல் என்று நினைத்து இரண்டு முறை மாற்றுவார்கள். கியர்பொக்ஸை இறக்கிய நேரத்தில் அதையும் பாருங்கள்.

12. கோர் பிளக்

காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று நம் எழுவான்கரை ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கின்றன. கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர். அதையே ரேடியேற்றருக்கு ஊற்றினால் தகரக் கோர் பிளக் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும். ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், அரித்தது மெத்தென்று கேட்கும். ஓரத்தில் துருத் தடம் வழிந்திருந்தால் ஒன்று மட்டும் போகவில்லை, மற்றவையும் அதே வயதுதான். எல்லாவற்றையும் மாற்றுங்கள். பித்தளைப் பிளக் கிடைத்தால் அதை வாங்குங்கள், அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

கழற்றும்போது நடுவில் உளி வைத்து ஒரே அடியாக உள்ளே தள்ளுவதுதான் பழகுபவர்கள் செய்யும் பெரிய பிழை. பின்னால் சிலிண்டர் சுவர் இருக்கிறது. பிளக் உள்ளே விழுந்தால் எடுப்பதும் பாடு. ஒரு ஓரத்தில் மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். அந்த ஓரம் உள்ளே போக எதிர் ஓரம் வெளியே புரளும். பிளையரால் பிடித்து நெம்பி எடுங்கள். வாய் திறந்த கையோடு உள்ளே படிந்திருக்கும் சேற்றையும் கரண்டி எடுங்கள். பின் சிலிண்டர் பக்கம்தான் அது கூடுதலாகப் படியும்.

வாயை எமரித் தாளால் சுத்தம் செய்து வேர்னியரால் அளந்து, அதைவிடச் சற்றே பெரிய பிளக்கை எடுங்கள். கையால் அழுத்தியதும் உள்ளே போனால் அது சின்னது. ஓரத்தில் மெல்லியதாக சீலன்ட் பூசி, கிண்ணத்தின் உட்புறத்தில் தளர்வாகப் பொருந்தும் சொக்கட் ஒன்றை வைத்து நேராக அடியுங்கள். விளிம்பில் அடித்தால் விளிம்பு மடிந்து பிடிப்புப் போய்விடும். விளிம்பு, வாயின் சரிவைத் தாண்டிச் சற்று உள்ளே போனதும் நிறுத்துங்கள். வெல்ச் பிளக் என்றால் குவிந்த பக்கம் வெளியே இருக்க வேண்டும். நடுவில் ஒரு நல்ல அடி. குவிவு தட்டையாகும்போது விளிம்பு விரிந்து பிடிக்கும். மறுபக்கமாகப் போட்டால் விரியாது.

13. ஸ்டார்ட் செய்யமுன்னும் பின்னும்

முதலில் தண்ணீர் மட்டும் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். பிரஷர் டெஸ்டர் இருந்தால் ரேடியேற்றர் மூடியில் அடித்திருக்கும் அளவு வரைதான் ஏற்ற வேண்டும். 0.9 என்று இருந்தால் 0.9. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸும் போகும்.

பிறகு ஒயில். ஃபில்டரை நிரப்பிப் பூட்டி, ஒயில் சுவிட்ச் வாயில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் போடுங்கள். டீசலை நிறுத்தும் கட்-ஓஃப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வினாடி சுற்றி, ஸ்டார்ட்டர் ஆற விட்டு, மறுபடி சுற்றுங்கள். கேஜ் முள் ஏறும்வரை எஞ்சினைப் பிடிக்க விடாதீர்கள். முள் ஏறாவிட்டால் தாளை எடுத்துப் பிளக்குகளை எண்ணுங்கள்.

ஸ்டார்ட் ஆன பிறகு முழுச் சூடு வந்ததும் மெது ஓட்டத்தில் கேஜைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் தடித்த ஒயில் எல்லாக் குறையையும் மறைக்கும். சூட்டில் காட்டும் அளவுதான் உண்மை. பெல் ஹவுசிங் அடித்துளை, தண்ணீர்ப் பம்ப் துளை, ஒவ்வொரு கோர் பிளக்கின் ஓரம் எல்லாவற்றையும் டோர்ச்சோடு ஒரு சுற்றுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சூட்டோடு இறுக்காதீர்கள். ஆற விட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டுங்கள்.

வண்டியைப் பாரம் ஏற்றி ஒரு தரம் மகாஓயாப் பக்கம் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, ஆறிய பிறகு அதே சுற்றை மறுபடி பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் நிறம் போட்ட அந்தத் தாளில் எஞ்சின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி, பொலித்தீனில் போட்டு, ட்ரைவர் இருக்கைக்குக் கீழே வைத்துவிடுங்கள்.